அயலார் அடுப்படியில் அமர்வது எப்படி: உணவைத் தேடிப் பயணம் செய்து எழுத விரும்புகிறவர்களுக்கு

உணவைத் தேடிப் பயணம் செய்து எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால், அந்தத் துணிச்சல் வாய்க்குத்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் பலர் தடம் மாறிவிடுகிறார்கள். பழக்கமில்லாத ஒன்றைத் தின்று காட்டுவது பத்து நிமிடக் காரியம். முன்பின் அறியாத ஒருவரின் அடுப்படியில் பாதி நாள் அமர்ந்து, அவர் கை செய்யும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டறிந்து, கேட்டதைச் சரிபார்த்து, அவரே படித்தாலும் தலையசைக்கும்படி எழுதி முடிப்பதற்குத்தான் உண்மையான துணிச்சலும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது.

ஆகவே, புறப்படுவதற்கு முன்பே ஒரு கேள்வியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: இவர்கள் இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வினோதமாகத் தோன்றும் உணவுகள் பலவற்றின் பின்னால் பசி, குளிர், நஞ்சு, சேமிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும். ஐஸ்லாந்தின் ஹாகார்ல் என்னும் சுறா இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும் அந்தத் துண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நெடியோடு நிறுத்திவிடுகிறார்கள். கிரீன்லாந்துச் சுறாவின் புதிய இறைச்சி உண்பவருக்கு நஞ்சாகும். அதனால்தான் அதைச் சரளைக் குழியில் இட்டு, மேலே கற்களை அடுக்கி, நீர் வடியும்படி வாரக்கணக்கில் நொதிக்கவிட்டு, பிறகு காற்றோட்டமான கொட்டகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். நெடியை மட்டும் சொன்னால் வாசகர் முகம் சுளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், உண்ண முடியாத மீனை உணவாக்கிய மனிதர்களை அவர் மறக்க மாட்டார்.

ஆண்டீஸ் மலையின் உயர்ந்த சமவெளிகளில், பெருவிலும் பொலிவியாவிலும், உருளைக்கிழங்கை இரவுப் பனியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் சூன்யோ செய்கிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் கெடாது. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் தானியத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துச் சென்று, இந்த முறையை விட்டுவிட்ட இடங்களில், 18ஆம் நூற்றாண்டு முதல் வட ஸ்பெயினிலும் இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்னும் நோய் வாட்டியது. ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பைக் கவனிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அறியேன். உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்துக்கொண்டாலும் தகும்.

புறப்படும் முன்

ஒரு பயணத்தில் ஐந்து ஊர்களைத் தொட்டு வருவதைவிட ஓர் ஊரில் ஐந்து நாள் தங்குவது நல்லது. முதல் நாள் நீங்கள் வாடிக்கையாளர். மூன்றாம் நாள் தெரிந்த முகம். ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவ உதவுகிறவர். சொல்லத் தகுந்த செய்திகள் பெரும்பாலும் ஐந்தாம் நாள்தான் கிடைக்கும். சந்தை கூடும் கிழமை, அறுவடைக் காலம், நோன்புக் காலம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே விசாரித்துத் தேதியைக் குறியுங்கள். ரமலான் மாதத்தில் சில நாடுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும்; அதுவே மாலையில் நோன்பு திறக்கும் வேளையைப் பற்றி எழுத நினைப்பவருக்கு மிகச் சிறந்த காலமாகும்.

அந்த ஊர் மொழியில் இருபது சொற்களாவது வேண்டும். வணக்கம், நன்றி ஆகியவற்றோடு, உப்பு, புளிப்பு, காரம், வேக, வறுக்க, நேற்று, நாளை, யார் கற்றுத்தந்தார்கள் என்பவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, புலால் உண்ணாதவராக இருந்தாலோ, அதை அந்த மொழியில் தெளிவாக எழுதிய ஓர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். எல்லாவற்றையும் தின்பவர்தாம் இதை எழுத முடியும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. தம் எல்லையை மறைக்காமல் சொல்லிவிட்டு, உண்ணாத உணவைக் கண்ணாலும் மூக்காலும் காதாலும் கவனித்து, உண்டவர்களைக் கேட்டு எழுதுகிறவரின் எழுத்தில் குறை எதுவும் வருவதில்லை. உண்ணாததை உண்டதுபோல் எழுதுவதுதான் குறை.

வயிற்றைக் காத்தல்

படுக்கையில் கிடப்பவரால் எழுத முடியாது என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பயணத்துக்கு ஆறு வாரங்கள் முன்னதாக மருத்துவரைப் பார்த்து, போகும் நாட்டுக்கு ஏற்ற தடுப்பூசிகளைக் கேளுங்கள். உணவாலும் நீராலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு ஆகிய இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு.

நுண்ணுயிர்கள் மிக விரைவாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் என்பதால், உலகச் சுகாதார நிறுவனம் சமைத்த உணவை அந்த இடைவெளியில் வைக்க வேண்டாம் என்றும், சமைக்கும்போது உட்பகுதி 70 டிகிரியை எட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. தெருவோரக் கடையில் நின்று வெப்பமானியை நீட்ட முடியாது. ஆனால், கண்முன்னே கொதிக்கும் சட்டியிலிருந்து ஆவி பறக்கத் தட்டுக்கு வருவது, பளபளப்பான உணவகத்தில் காலையிலிருந்து வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் விருந்தைவிடப் பாதுகாப்பானது என்பதை உணர்ந்தாலே பாதி ஆபத்து விலகும். உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளோடு வந்து வரிசையில் நிற்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே உணவு தேங்கிக் கிடக்க நேரம் இருக்காது. தோலுரிக்கும் பழங்களை நீங்களே உரித்து உண்ணுங்கள். நீரைப் பற்றிக் கவனமாக இருப்பவர்களும் பனிக்கட்டியை மறந்துவிடுகிறார்கள். அதுவும் அதே நீர்தான். ஐயமிருந்தால் நீரை ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிகளில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் மூன்று நிமிடம் வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் முதல் வேலை நீரிழப்பை ஈடுசெய்வது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். அது கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ கண்டால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

துணிச்சலுக்கு இடமே இல்லாத உணவுகளும் உண்டு. சில பேத்தை மீன்களில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் சமைத்தாலும் அழியாது, அதற்கு முறிமருந்தும் கிடையாது; ஜப்பானில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதை அறுத்துத் தர அனுமதிக்கப்படுகிறார்கள். ஜமைக்காவின் அக்கீப் பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்த பிறகே உணவாகும். காயில் நஞ்சு இருக்கிறது. காட்டுக்காளான் விஷயத்தில் நான் யாருக்கும் இளக்கம் காட்ட மாட்டேன். டெத் கேப் என்னும் காளானை உண்டவருக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்தே உபாதை தொடங்கும், இடையில் தேறிவிட்டதுபோலத் தோன்றும், அதற்குள் கல்லீரல் அழியத் தொடங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் பறித்ததை யார் அன்போடு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். மறுக்கும்போது வயிறு சரியில்லை என்று சொல்லி, கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னால், மொழி தெரியாத இடத்திலும் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

நாவைப் பழக்குதல்

சுவை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்கினுடையது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கவளத்தை மென்று பாருங்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றிலும் கடற்பாசிச் சாற்றிலும் உணரும் உமாமி என்ற ஐந்து மட்டுமே தெரியும். பிறகு மூக்கை விடுங்கள். மணம் தொண்டை வழியாக ஏறி வரும்போது பழமோ, புகையோ, வெண்ணெயோ திடீரெனத் தோன்றும். இந்தப் பயிற்சியைத் தினமும் ஓர் உணவில் செய்து வந்தால், எது நாவின் செய்தி, எது மூக்கின் செய்தி என்று பிரித்து எழுதும் திறன் சில வாரங்களில் வந்துவிடும். உமாமி என்ற பெயரே 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்தபோது பிறந்தது. அன்றாடம் குடித்த ஒரு சாற்றில், இருக்கும் நான்கு சுவைகளிலும் அடங்காத ஒன்று இருக்கிறதே என்று அவர் நின்று யோசித்தார். அந்த நின்று யோசிக்கும் பழக்கம்தான் நமக்கும் வேண்டியது.

காரம் சுவையன்று, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளை மிளகாயின் கேப்சாய்சின் தூண்டுவதால் எழும் எரிச்சல். கேப்சாய்சின் நீரில் கரைவதில்லை என்பதால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, பால்தான் அடக்கும். ஒருவர் நாவுக்குச் சுள்ளென்று இருப்பது பழகியவருக்கு இதமாக இருக்கலாம். மரபணு வேறுபாட்டால் கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பைப் போல மணக்கிறது. ஆகவே, "மிகவும் காரம்" என்று தீர்ப்பு எழுதுவதைவிட, "இரண்டாவது வாயில் காது மடல் சூடேறியது, பக்கத்தில் அமர்ந்திருந்த சிறுவன் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினான்" என்று எழுதுவது நேர்மையானது.

அடுப்பின் அருகில்

குறிப்பெடுப்பதன் அருமையை நான் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில், ஓர் அடித்தள ரொட்டி அடுமனையில் கற்றுக்கொண்டேன். அங்கே தோனே என்னும் ஆழமான வட்டக் களிமண் அடுப்பின் உட்சுவரில் ஷோத்தி என்ற நீள ரொட்டியை ஒட்டிச் சுடுகிறார்கள். முதல் நாள் நான் எழுதியது ஒரே வரி: "சூடான ரொட்டி, அருமை." விடுதிக்குத் திரும்பி அதைப் படித்தபோது, அந்த அடுமனையில் ஒரு மணி நேரம் நின்றதற்கு அந்த வரியில் எந்த அடையாளமும் இல்லை என்று உணர்ந்து வெட்கப்பட்டேன்.

மறுநாள் விடியலில் மீண்டும் போய், பார்ப்பதை மட்டும் எழுதினேன். அடுமனைக்காரர் அடுப்புச் சுவரில் உப்புநீரைத் தெளித்தார், சீறல் எழுந்தது, சீறல் அடங்கும் வரை காத்திருந்தார். மாவு உருண்டையைப் பலகை மேல் வைத்து இரு முனைகளையும் இழுத்தார், அது ஓடம்போல் நீண்டது. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு இடுப்பு வரை அடுப்புக்குள் கவிழ்ந்து, ஈரத் துணியைச் சுவரில் அறைந்தாற்போன்ற ஓசையுடன் மாவை ஒட்டிவிட்டு, ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கியபடியே நிமிர்ந்தார். அவருடைய வலது முன்கையில் முழங்கை வரை மயிர் இல்லை. சில நிமிடங்களில் நீண்ட இரும்புக் கொக்கியால் ரொட்டியைப் பெயர்த்து எடுத்தார். நான் அதன் கூர்மையான முனையைக் கிள்ளினேன்; அது மொறுமொறுவென நொறுங்கியது, நடுப்பகுதியோ இழுபட்டது. ஏன் இரு முனைகளையும் கூராக இழுக்கிறீர்கள் என்று சைகையால் கேட்டேன். அவர் முனையைக் காட்டி மெல்லுவதுபோல் நடித்து, நடுப்பகுதியைக் காட்டி வீட்டுத் திசையில் கையை நீட்டினார். முனை வழியில் தின்பதற்கு, நடு வீட்டுக்கு! எனக்குப் புரிந்தது அதுதான்.

இவ்வளவும் ஒன்றரைப் பக்கக் குறிப்பில் அடங்கியது. ஆகவே, உரிச்சொற்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைகள் என்ன செய்கின்றன, என்ன ஓசை கேட்கிறது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை மட்டும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். எண்ணெய்க் கையில் மை கலையும், பென்சில் கலையாது. படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். குழந்தைகளானால் பெற்றோரிடம் கேளுங்கள். மொபைலை எடுத்த கணத்தில் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் அதைப் பையிலேயே வைத்திருப்பது என் வழக்கம்.

கேள்விகளில் எனக்கு மிகவும் பயன்பட்டவை மிக எளியவை. இதை யார் கற்றுத்தந்தார்கள்? இந்தப் பொருள் கிடைக்காத ஆண்டில் என்ன செய்தீர்கள்? வீட்டில் முதலில் யாருக்குப் பரிமாறுவீர்கள்? நீங்கள் சிறு வயதில் சாப்பிட்டதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? செய்முறையைக் கேட்டால் அளவுகள் கிடைக்கும். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் ஒரு பஞ்ச காலமே வெளிப்படலாம். அந்தக் கதை வரத் தொடங்கிய பிறகு இடைமறிக்காதீர்கள்.

சொன்னதைச் சரிபார்த்தல்

அடுப்படியில் கேட்கும் கதைகள் அன்போடு சொல்லப்படுகின்றன, ஆனால் எல்லாம் வரலாறு ஆகிவிடுவதில்லை. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் திரும்பி வந்தது 1295இல். சிசிலியில் பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியாவில் இத்ரியா என்ற உலர்ந்த மாவு இழைகளைச் செய்து கப்பலேற்றுகிறார்கள் என்று அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் எழுதியது 1154இல். போலோ பிறப்பதற்கே நூறு ஆண்டுகள் முன்பு. மற்றொரு எளிய சோதனை: தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, 1492க்கு முன் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையான உணவு என்று சொல்லப்படுவதில் இவற்றில் ஒன்று இருந்தால், கதையைக் கதை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கதையை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு ஊர் தன் உணவைப் பற்றி எதை நம்ப விரும்புகிறது என்பதும் செய்திதான்.

எழுதும் மேசையில்

மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து 1325இல் புறப்பட்ட பயணி இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, தாம் கண்டதையும் உண்டதையும் ஊர் திரும்பிய பின் மற்றொருவரிடம் சொல்லி எழுதுவித்தார். நம் நினைவு அவ்வளவு தூரம் தாங்காது. ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் முதல் வரைவை முடித்துவிடுங்கள். மணங்கள்தான் முதலில் மறையும்.

வரைவில் "சுவையான", "அருமையான", "வித்தியாசமான" என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள்: நொறுங்கியது, வழுக்கியது, தொண்டையில் நின்றது, நாவை இழுத்தது. "வினோதம்", "அருவருப்பு" என்ற சொற்களை நான் அடியோடு நீக்கிவிடுவேன். ஒருவர் தம் குழந்தைக்கு ஊட்டும் உணவை அச்சில் ஏற்றி இழிவுபடுத்த எனக்கு உரிமை இல்லை. பிடிக்கவில்லை என்றால், என் நாவுக்கு எது எட்டவில்லை என்று என்னைப் பற்றி எழுதிவிடலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தொடக்க ஆண்டுகளில் வேறு வருமானம் இருக்கட்டும். உண்டதற்குப் பணம் கொடுங்கள்; யாரேனும் செலவை ஏற்றிருந்தால் அதைக் கட்டுரையிலேயே தெரிவியுங்கள். வாங்கிய உணவுப் பொருள்களை எல்லை கடந்து கொண்டுவரும் முன் விதிகளைப் பாருங்கள். கொண்டுவரும் உணவுப் பொருள்களை அறிவிக்க வேண்டும் என்பதில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கண்டிப்பானவை.

கட்டுரை வெளியானதும், அதில் வரும் சமையற்காரருக்கு ஒரு பிரதியை அவர் மொழியில் பெயர்க்கச் செய்து அனுப்புங்கள், ஒரு நல்ல புகைப்படத்தையும் அச்சிட்டுச் சேர்த்து அனுப்புங்கள். என் ரொட்டிக் கட்டுரைக்குத் திபிலிசியிலிருந்து வந்த பதிலில் ஒரே ஒரு திருத்தம் இருந்தது: மூச்சை அடக்கிக்கொண்டு அடுப்புக்குள் கவிழ்ந்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவர் மூச்சை அடக்குவதில்லை, மெல்ல வெளியே விடுகிறாராம், அடக்கினால் சூடான காற்றை உள்ளே இழுக்க நேர்ந்துவிடும் என்று அவருடைய தந்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.